மாமாவுக்கு ஒரு தேங்க்ஸ்

மாமா வண்டியிலிருந்து கடலை மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். ஆளை விட்டு இறக்கச் சொல்லலாம், சொல்லமாட்டார். தங்கை வீட்டு மூட்டையைத் தன் முதுகில்தான் சுமப்பார். அன்னூரிலிருந்து வந்த செம்மண் தூசி உடம்பெல்லாம் அப்பியிருந்தது. வேர்வை வழிந்த இடம் மட்டும் கோடு கோடாகக் கறுப்பாகத் தெரிந்தது.

நெய்ச் சொம்பு என் கையில் இருந்தது. அதன் வாயை வாழைச் சருகால் மூடிக் கட்டியிருப்பார்கள். சருகு ஈரமானால் ஒரு வாசனை வரும், நெய்யைவிட எனக்கு அது பிடிக்கும். அதை முகர்ந்துகொண்டு நின்றதால் அண்ணன் வந்ததைக் கவனிக்கவில்லை.

அண்ணன் சீமையிலிருந்து திரும்பிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மான்செஸ்டரில் நூற்பு மில் தொழில் படித்தவன். வெள்ளைக் கால்சட்டையும் மடித்துவிட்ட சட்டைக் கையுமாக வந்து மாமாவுக்கு எதிரே நின்று கையை நீட்டினான்.

"தேங்க்ஸ், மாமா."

மாமா அந்தக் கையைப் பார்த்தார். தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆனால் கொடுக்கவில்லை.

"என்ன கண்ணு அது?"

"மாசா மாசம் இத்தனை தூரம் வந்து எங்களுக்கு இவ்வளவு குடுக்கறீங்கல்லங்க மாமா, அதுக்கு நன்றி சொல்றேனுங்க. சீமைல இதைச் சொல்லாம ஒருத்தரு கையில இருந்து ஒண்ணும் வாங்கமாட்டாங்க."

"ஆரு சொல்றது? நீயா?"

"நம்மூட்டுல எல்லாருக்குஞ் சேத்து நாஞ் சொல்றேனுங்க."

"உங்கம்மாளுக்குஞ் சேத்தா?"

"ஆமாங்க மாமா."

மாமா வண்டியில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். பிறகு, "அப்பச் சரி கண்ணு" என்றார்.

உள்ளே அம்மா கோழி அடித்துக் குழம்பு கூட்டியிருந்தாள். மாமா, "காட்டுல தண்ணி பாயுது, போகோணும்" என்று சொல்லி, வாசலில் நின்றபடியே ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு வண்டி ஏறினார். அம்மா கரண்டியோடு வெளியே வந்தபோது வண்டி வேலி முனை திரும்பிவிட்டது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுடைய அண்ணன் உண்ணாமல் போனது அதுதான் முதல் தடவை.

பொருளோடு வந்த சொற்கள்

இந்தத் தொடரைப் படிக்கும் அன்பர் ஒருவர், 'அந்தக் காலத்தில் உங்கள் வீடுகளில் கலப்பில்லாத தமிழ்தானே பேசியிருப்பீர்கள்?' என்று கேட்டிருக்கிறார். அவர் மனத்தைப் புண்படுத்த வேண்டியிருக்கிறது. இல்லை ஐயா, பேசவில்லை.

சிங்காநல்லூர்ப் பக்கம் மில்கள் முளைத்த காலம் அது. காலையில் மில் சங்கு ஊதும்போதே இங்கிலீஷும் ஊருக்குள் வந்துவிடும். ஷிப்டு, பாபின், பிட்டர், லேட்டு, டிஸ்மிஸ். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் இந்தச் சொற்களை மஞ்சள் மிளகாய் மாதிரி புழங்கினார்கள். எங்கள் ஊர் மரியாதைப்படி எல்லாவற்றுக்கும் வாலில் ஒரு 'ங்க' வேறு. 'ஷிப்டு முடிஞ்சுதுங்க', 'லேட்டுங்க', 'டிஸ்மிஸுங்க' என்பார்கள். வேலை போன செய்தியைக்கூட அவ்வளவு மரியாதையாகச் சொன்ன ஜனங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கரண்டு வந்தபோதும் இப்படித்தான். மலையிலிருந்து கம்பி வழியாக வருகிறது என்றார்கள். முதலில் பெரிய கிணறுகளுக்கு வந்தது, பிறகு பெரிய வீடுகளுக்கு. அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. எங்கள் வீட்டில் விளக்கு எரிந்த அன்று பக்கத்துத் தோட்டத்து அம்மாள் வந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தக் கரண்டு ராத்திரியில எங்கீங்க படுத்துக்கும்?" என்று கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கு இன்றும் தெரியாது.

இந்தச் சொற்களால் யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை. பஸ் வந்தது, சோடா வந்தது, கூடவே பெயரும் வந்தது. கையில் பிடித்துக் காட்டக்கூடிய பொருள் இருந்ததால் அர்த்தத்தில் சண்டையில்லை. அண்ணன் கொண்டுவந்த சொற்கள் வேறு மாதிரி.

மூன்றே மூன்று

அப்பாவும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு நூற்பு மில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மிஷின்களைப் பூட்டுவதற்குச் சீமையிலிருந்தே ஒரு துரை வந்திருந்தார். அவரையும் துரைசானியையும் ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார் அப்பா.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து இலையில்தான் சாப்பிட்டார்கள், கரண்டியால். சோறு வைத்தால் 'தேங்க்யூ'. பருப்பு ஊற்றினால் 'தேங்க்யூ'. தண்ணீருக்கு, அப்பளத்துக்கு, கடைசியில் உப்புக்கும்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "அவரு என்ன அம்மணி சொல்லிச் சொல்லிச் சாப்பிடறாரு?"

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவள். "நன்றின்னு சொல்றாருங்கம்மா" என்றேன்.

"உப்புக்கெல்லாமா?" அம்மாவுக்கு நிஜமாகவே இரக்கம் வந்துவிட்டது. "பாவம், அவிங்க ஊர்ல உப்புப் பஞ்சமாட்ட இருக்குது. இன்னுங் கொஞ்சம் கொண்டுபோய் வையி."

வைத்தேன். அதற்கும் தேங்க்யூ.

விருந்து முடிந்ததும் அப்பாவுக்கு ஒரு ரோசம் பிறந்தது. "அந்தத் தொரை நம்மூட்டு உப்புக்கு மரியாதை சொல்றாரு, நாம மரமாட்ட நிக்கறோம்" என்றார். அண்ணனுக்கு இது போதாதா? அவன் சீமையில் கற்றதிலேயே பெரிய பாடம் நூல் முறுக்குவது அல்ல, மரியாதைச் சொற்கள்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவன். 'தேங்க்ஸ், சாரி, ப்ளீஸ். இந்த மூன்றும் வாயில் இருந்தால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம்' என்று வீட்டில் உத்தரவு போட்டான்.

அப்பா உடனே கற்றுக்கொண்டார். பஸ் கண்டக்டருக்கு 'தேங்க்ஸுங்க' என்றார். கண்டக்டர், இவர் எதற்கோ திட்டுகிறார் என்று நினைத்து முறைத்தானாம். நானும் இரண்டு நாள் எல்லோரையும் ப்ளீஸ் ப்ளீஸ் என்று படுத்தினேன். அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. மறுக்கவும் இல்லை. அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தால் அது மறுப்புதான் என்பது அப்பாவுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். நாங்கள் நன்றியில்லாதவர்கள் அல்ல. ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சில் அந்தச் சொல் 'கெட்டவன்' என்பதோடு சேர்ந்துதான் வரும், தனியாக வந்து நான் கேட்டதில்லை. யாராவது ஒன்றைக் கொடுத்தால் வாங்குகிறவர் குறை சொல்வார். மாமா கடலை கொண்டுவந்தால், "போனவாட்டி பாதி பொக்குங்கண்ணா, இதாச்சும் பருப்பிருக்குதா?" என்பாள் அம்மா. மாமா, "பொக்குத் திங்கறதுக்குத்தான் உன்னய இந்த ஊருக்குக் கட்டிக் குடுத்தேன்" என்பார். இதற்குப் பிறகுதான் இருவரும் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள்.

ரங்கன் வேலைக்கு வராத நாள்

மாமா விஷயத்துக்கு முன்பே ஒரு எச்சரிக்கை வந்தது. நாங்கள்தான் சிரித்துவிட்டோம்.

எங்கள் தோட்டத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்தவர் ரங்கன். அவருடைய தகப்பனாரும் எங்கள் தோட்டத்தில்தான் வேலை செய்தார். ஒருநாள் பொழுதோடு அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போய், "தேங்க்ஸ் ரங்கா" என்று சொல்லி, அர்த்தமும் சொல்லியிருக்கிறான். மறுநாள் ரங்கன் வரவில்லை. அவர் மனைவிதான் வந்து வேலிக்கு அந்தப்புறம் நின்றாள்.

"ஏனுங்க சாமி, எங்கூட்டு ஆளு என்ன தப்புச் செஞ்சுபோட்டாங்கன்னு நிறுத்திப்போட்டீங்க?"

இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாததை ஒருநாள் எஜமான் வீட்டுப் பிள்ளை வந்து சொன்னால், 'இதுவரை செய்தாய், இனி போ' என்றுதானே பொருள்? ரங்கன் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்பா இந்தக் கதையை மில் கூட்டாளிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ரங்கன் வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரிந்ததா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவருக்கும் எங்களுக்கும் நடுவே இருந்ததில் நன்றிக்கு இடம் இருந்ததில்லை, நியாயத்துக்கும் அதிகம் இருந்ததில்லை. இது எனக்குப் புரிவதற்கு வெகுகாலம் ஆயிற்று.

மாமா சங்கதி வேறு. அவர் யாருக்கும் கீழே நிற்பவர் அல்ல. ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பேருமே எழுந்து போய்விட்டார்கள்.

இலை போட்டார்கள்

அடுத்த மாதம் வண்டி வந்தது, மாமா வரவில்லை. வண்டிக்காரர் மட்டும் வந்தார். வழக்கமாக ஒரு மூட்டை வரும் இடத்தில் இரண்டு மூட்டை. நெய்ச் சொம்பு, ஒரு கூடை அவரைக்காய், இரண்டு கோழி. எல்லாம் சரியாக இருந்தது.

"பெரியவருக்கு ஒடம்பு சொகமில்லீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லாத்தானுங்க இருக்கறாங்க. இனி நானே கொண்டாந்து குடுக்கச் சொல்லிட்டாங்க."

அம்மா மூட்டைகளைப் பிரிக்கவில்லை. நாலைந்து நாள் அவை நடையிலேயே கிடந்தன. தாண்டித் தாண்டிப் போனோம்.

அப்பாவுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. அண்ணனுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் செய்யும் சீர் ஒன்று உண்டு, எழுதிங்கள் என்று பெயர். உடன்பிறந்தவன் முன்னால் நின்று நடத்தவேண்டும். அது நடக்காத பெண் தன் சொந்தப் பிள்ளையின் கல்யாணத்தில்கூடச் சீர்களில் கை வைக்க முடியாது. கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அம்மாவுக்கு அது தள்ளிப்போய்க்கொண்டே வந்திருந்தது. ஒரு வருஷம் மழை பொய்த்தது. இன்னொரு வருஷம் மாமா வீட்டில் ஒரு சாவு. இந்தக் கார்த்திகையில் செய்துவிடலாம் என்று மாமாவே சொல்லியிருந்தார்.

அப்பா ஆள் அனுப்பினார். 'நாள் பாத்துச் சொல்லியனுப்பறோமுங்க' என்று பதில் வந்தது. முன்பெல்லாம் மாமா நாள் பார்க்கமாட்டார். அவர் வருகிற நாள்தான் நாள்.

அண்ணன் இன்னும் விளங்காமல் நின்றான். "நல்ல வார்த்தை தானுங்கம்மா சொன்னேன்? அவரு குடுத்ததை மதிச்சுத்தான சொன்னேன்?"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"எங்கய்யன் காடு முச்சூடும் எங்கண்ணன் பேருக்குத்தான் போச்சு. நானும் அந்த ஊட்டுல பொறந்தவதான். ஒரு சாண் மண்ணு எனக்குன்னு எழுதுனாங்களா? எழுத மாட்டாங்க. அதுக்குப் பதுலுதான் இந்தக் கடலையும் நெய்யும். எங்கண்ணன் தருமம் பண்ணலடா. எம்பட பங்க எடுத்துட்டு வந்து குடுக்கறான். உம்பட பங்க ஒருத்தன் கொண்டாந்து குடுத்தா நீ நன்றி சொல்லுவியா? சொன்னா என்ன அர்த்தம்? எனக்கு உரிமையில்ல, நீயாப் பாத்துக் குடுத்தேன்னு அர்த்தம். அதை எனக்குஞ் சேத்துச் சொல்லிப்போட்டியே!"

அண்ணன் முகம் சுண்டிவிட்டது. கெட்டவன் அல்ல அவன், அவசரக்காரன். அடுத்த நாளே அன்னூருக்குப் பஸ் ஏறினான். என்ன செய்வான்? தன்னிடம் இருந்த மூன்றில் இரண்டாவதை எடுத்துக்கொண்டு போனான். மாமாவிடம் 'சாரி' சொல்லியிருக்கிறான்.

திரும்பி வந்தபோது மலர்ந்திருந்தான். "மாமாவுக்குக் கோவமே இல்லீங்கம்மா. நீ என்ன கண்ணு தப்புச் செஞ்சே, நல்ல வார்த்தைதான சொன்னேன்னாரு. தலைவாழை இலை போட்டு, பாயசத்தோட சோறு போட்டாங்க."

"இலை போட்டாங்களா?" என்றாள் அம்மா.

"ஆமாங்கம்மா."

"எங்க ஒக்கார வச்சுப் போட்டாங்க?"

"ஆசாரத்துலீங்க. மாமாவே நின்னு பரிமாறுனாரு."

அந்த வீட்டில் நாங்கள் எப்போதும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து வட்டிலில்தான் உண்போம். சட்டியை வழித்துத் தின்போம். ஆசாரம் என்கிற முன்கூடத்தில் இலை போடுவது நில அளவைக்கு வரும் அதிகாரிக்கும் சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கும்தான். அம்மா புடைத்த அரிசியைப் பானையில் கொட்டினாள். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அம்மா கேட்டது

அடுத்த வாரம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அன்னூர் போனாள். சொல்லியனுப்பவில்லை. பஸ்ஸில் பெட்ரோல் வாடையும், யாரோ கூடையில் வைத்திருந்த கருவாட்டு வாடையும். அம்மா முந்தானையை மூக்கில் பிடித்தபடியே வழி நெடுக வந்தாள். மாமா வந்து ஒருமுறை அழைக்காவிட்டால் அவள் பிறந்த வீட்டுக்குப் போவதில்லை. இந்த முறை அழைக்கக் காத்திருக்கவில்லை.

மாமா வீட்டில் மரியாதை பிரமாதமாக இருந்தது. அத்தை ஓடி வந்து பாய் விரித்தாள். கால் கழுவச் சொம்பில் தண்ணீர் வந்தது. மாமா மேல்துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, "வா அம்மணி, மாப்பிள்ளை சொகமா? மில்லு வேலையெல்லாம் ஆகுதா?" என்று விசாரித்தார். எல்லாம் முறையாக விசாரித்தார். எனக்கே அந்த இடத்தில் உட்காரக் கூச்சமாக இருந்தது.

அம்மா பாயில் உட்காரவில்லை. நேரே அடுப்பங்கரைக்குப் போனாள். குழம்புச் சட்டியைத் திறந்து ஒரு துளி உள்ளங்கையில் விட்டு நக்கினாள். "ஏ நங்கையா, இதென்ன கொழம்பா, கழுநீரா?" என்றாள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். அத்தை சிரித்தாள், ஆனால் பழைய சிரிப்பு அல்ல. மாமாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அம்மா அப்படியே பின்வாசல் வழியாகக் கட்டுத்தரைக்குப் போனாள். மாமாவும் பின்னால் வந்தார். நான் படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கே ஒரு கிடேரி கட்டியிருந்தது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. அத்தை தன் கையாலேயே தவிடு கரைத்துக் கொடுத்து வளர்த்தது. அத்தையின் தாய்வீட்டு மாட்டு வம்சம். சந்தையில் எவ்வளவோ பேர் கேட்டும் மாமா கொடுக்கவில்லை என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

"இது எனக்கு வேணுங்கண்ணா" என்றாள் அம்மா.

மாமா கிடேரியைப் பார்த்தார்.

"அது உங்க நங்கை பொறந்தூட்டு மாடம்மணி."

"எனக்கும் இது பொறந்தூடு. எனக்கு வேணும்."

அத்தை பின்வாசலில் வந்து நின்றாள். புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். கிடேரி வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. மாமா கூரையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். அம்மா வேறெங்கும் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மாமா கட்டுக்கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தார்.

"கழுதைக்குக் கண்ணு எப்பவும் நல்ல மாட்டு மேலதான்" என்றார். சத்தமாக, பழைய குரலில். "சின்னப்புள்ளைல இருந்தே இதே புத்திதான். கொண்டுபோய்த் தொலை. தவுடு ஒழுங்காக் கரைச்சு வையி, உங்கூட்டு மில்லுப் பஞ்சைப் போட்டுக் கொன்னுபோடாதே."

"பாலு ஊத்துமா, இல்ல இதுவும் போனவாட்டி கடலையாட்ட பொக்கா?" என்றாள் அம்மா.

மாமா சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அன்று அடுப்பங்கரையில் வட்டிலில்தான் உண்டோம். உப்பு உண்மையிலேயே குறைவாக இருந்தது. மாமா உண்டுகொண்டே, கார்த்திகையில் இன்ன நாள் எழுதிங்கள், இன்னின்னார் வரவேண்டும் என்று தானே எல்லாம் முடிவு செய்தார். யாரையும் கேட்கவில்லை.

செவலை

கார்த்திகையில் எழுதிங்கள் நடந்தது. மாமா ஒன்றுக்கு இரண்டாகச் செய்தார். தையில் அண்ணன் கல்யாணத்தில் அம்மா எல்லாச் சீருக்கும் முன்னால் நின்றாள். பட்டுச்சேலையில் அவள் அவ்வளவு உயரமாகத் தெரிந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. துரையும் துரைசானியும் வந்திருந்தார்கள். அண்ணன் அவர்களிடம் மட்டும் அவர்கள் பேச்சில் பேசினான். மாமாவிடம் வந்து, "இதென்னங்க மாமா, எனக்கு மோதிரம் விரலுக்கே ஏற மாட்டேங்குது, ஆரு அளவெடுத்தது?" என்று கத்தினான். மாமாவுக்கு அன்றைக்கு அதைவிடச் சந்தோஷம் எதுவும் இல்லை. பையன் ஒருவழியாக மனிதர்களோடு பேசக் கற்றுக்கொண்டான் என்று எனக்கும் தோன்றியது.

மாமா மறுபடி மாதாமாதம் வந்தார். மூட்டையைத் தானே இறக்கினார். கோழிக் குழம்பை ஒரு பிடி பிடித்தார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அப்பாவுக்கும் அப்படித்தான்.

கல்யாணச் சந்தடி ஓய்ந்த பிறகு ஒருநாள் வெடியால, இருட்டுப் பிரியும் நேரத்தில், கட்டுத்தரையில் அம்மாவோடு நின்றிருந்தேன். அவள் செவலைக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். கிடேரி நன்றாகத் தேறியிருந்தது.

"நல்ல மாடுங்கம்மா. நீங்க கேட்டது நல்லதாப் போச்சு" என்றேன்.

"எனக்கு இந்த மாடு வேண்டவே வேண்டாம் அம்மணி."

"அப்பறம் ஏனுங்க கேட்டீங்க? அத்தை அன்னைக்கு அழுதே போட்டாங்க."

"தெரியும். அந்தப் பாவம் என்னயத்தான் சேரும்." தவிட்டுக் கையை வாளியிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "இருவது வருசத்துக்கு மேல ஆச்சு, எங்கண்ணன்கிட்ட வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல. கேக்க வேண்டியே வந்ததில்ல. உங்கண்ணன் அந்த வார்த்தையச் சொன்னதுக்கப்பறம் எனக்குத் தெரிஞ்சாகோணும்னு ஆயிப்போச்சு. கேட்டா குடுப்பானா மாட்டானான்னு."

"அதுதான் குடுத்துட்டாருங்களேம்மா."

அம்மா கையை எடுத்து உதறினாள்.

"குடுத்தான். ஆனா நின்னு யோசிச்சுப்போட்டுத்தான் குடுத்தான்."